குதிரைக்குக் கண் வந்தது, துரைக்குப் போனது: அயர்லாந்தின் புனிதக் கிணறுகள்

இன்றைக்கு ஒரு குதிரையிலிருந்து ஆரம்பிக்கலாம்.

அயர்லாந்தில் ஒரு துரை. ஆங்கிலேய வம்சாவளி, புராட்டஸ்டன்ட், ஊர் நிலம் முழுக்க அவர் பேரில். அவர் ஆசையாக வளர்த்த குதிரைக்குக் கண் பார்வை போயிடுது. ஊர் எல்லையில் ஒரு கிணறு இருக்கு, அந்தத் தண்ணீரில் கழுவினால் கண் தெரியும் என்று குத்தகைக்காரர்கள் பேசிக்கொள்வது அவர் காதில் விழுகிறது. துரைக்குச் சிரிப்பு. 'அதையும் பார்த்துடலாம்' என்று குதிரையை ஓட்டிக்கொண்டு போய், அந்தத் தண்ணீரை எடுத்துக் குதிரையின் கண்ணில் அடிக்கிறார். குதிரைக்குக் கண் வந்துடுது. துரைக்குப் போயிடுது.

அவ்ளோதான் கதை. இது ஒரே ஓர் ஊரின் கதை இல்லை. வேறு வேறு ஊரில், வேறு வேறு கிணற்றுக்கு, சின்னச் சின்ன மாற்றத்தோடு இதே கதையைச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இதில் பிடித்தது ஒரு விஷயம்: குதிரைக்கு நிஜமாகவே குணமாகுது. தண்ணீருக்குச் சக்தி இருக்கா இல்லையா என்பது இந்தக் கதையில் கேள்வியே இல்லை. கேட்பது யார், எப்படிக் கேட்கிறார் என்பதுதான் கேள்வி. இதைச் சொன்னவர்கள் யார் என்றும் யோசிச்சுப் பாருங்க. ஒரு காலத்தில் தங்கள் முன்னோருக்குச் சொந்தமாக இருந்த நிலத்துக்கு, இப்போது துரைக்கு வாடகை கட்டிக்கொண்டிருந்தவர்கள். வயல் துரையுடையது, வீடு துரையுடையது, ஆற்றில் இருக்கிற மீன்கூட துரையுடையது. ஆனால் இந்த ஒரு குழி மட்டும் அவர் பேச்சைக் கேட்காது.

இந்தக் கிணறுகளைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்குத் திரும்பத் திரும்ப வந்த கேள்வி இதுதான். ஒரு கிணறு யாருடையது? அதைத்தான் இந்த எபிசோடில் பேசப் போகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். கிணறு என்றதும் ராட்டினம், கயிறு, வாளி, எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் ஆழம் என்று கற்பனை பண்ணிடாதீங்க. ஐரிஷ் மொழியில் இதன் பெயர் 'டோபர்'. பெரும்பாலும் தரையிலிருந்து கசிகிற ஒரு சின்ன ஊற்று. முழங்கால் ஆழம்கூட இருக்காது. சுற்றி நாலு கல், பக்கத்தில் ஒரு முள்மரம், அவ்வளவுதான். சில இடங்களில் பாறையில் இருக்கும் ஒரு பள்ளத்தில் தேங்குகிற மழைத் தண்ணீரே புனிதக் கிணறு. புதிதாகப் போகிறவர்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டு 'கிணறு எங்கே' என்று தேடுவதும் உண்டு.

அயர்லாந்துத் தீவு முழுக்க இப்படிச் சுமார் 3,000 புனிதக் கிணறுகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். தீவின் பரப்பு ஏறக்குறைய 84,000 சதுர கிலோமீட்டர். கணக்குப் போட்டால் 28 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று. எங்கே நின்றாலும் ஒரு கிணறு நடக்கும் தூரத்தில். ஊர்ப் பெயர்களிலேயே அவை இருக்கின்றன. டபர்கரி, பாலின்டபர் என்று வரைபடத்தில் பார்த்தால், அந்த 'டபர்' இந்த 'டோபர்'தான்.

சரி, அங்கே போய் என்ன செய்வார்கள்? சும்மா தண்ணீர் குடித்துவிட்டு வர முடியாது. 'டுரஸ்' என்று ஒரு முறை இருக்கு. டுரஸ் என்றால் பயணம். கிணற்றையும் அதைச் சுற்றி இருக்கிற கல், மரம், பழைய சிலுவை எல்லாவற்றையும் ஜெபம் சொல்லிக்கொண்டே சுற்றி வர வேண்டும். பல இடங்களில் வெறுங்காலோடு. மூன்று சுற்று, ஏழு சுற்று, ஒன்பது சுற்று என்று கிணற்றுக்குக் கிணறு கணக்கு மாறும். எண்ணிக்கை தப்பாமல் இருக்கக் கையில் கூழாங்கற்களை வைத்துக்கொண்டு, ஒரு சுற்றுக்கு ஒரு கல் என்று கீழே போடுவார்கள்.

சுற்றும் திசை முக்கியம். சூரியன் போகிற திசையில்தான் சுற்றணும். அதற்கு ஐரிஷில் 'டெஷல்' என்று ஒரு சொல். அதன் வேரில் இருக்கும் சொல்லுக்கு வலது என்றும் பொருள், தெற்கு என்றும் பொருள். தமிழில் 'வலம்' என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடுவதால் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை; ஆங்கிலத்தில் இதைச் சொல்ல ஒரு பத்தி எழுதுகிறார்கள். எதிர்த்திசையில் சுற்றினால்? அது சாபம் விடுவதற்கு. கேவன் கவுன்ட்டியில் கில்லினா என்ற இடத்தில் பெரிய பாறை ஒன்றின் மேல் குழிகளும், ஒவ்வொரு குழியிலும் ஒரு உருண்டைக் கல்லும் இருக்கின்றன. அந்தக் கற்களை எதிர்த்திசையில் திருப்பினால் எதிரிக்குக் கேடு. புனிதர் என்றால் எப்போதும் ஆசீர்வாதம் மட்டும்தான் தருவார் என்று இந்த மக்கள் நினைக்கவே இல்லை.

அப்புறம் துணி. கிணற்றில் ஒரு துண்டுத் துணியை நனைத்து, வலிக்கிற இடத்தைத் துடைத்து, அதைப் பக்கத்தில் இருக்கும் மரத்தில் கட்டிவிட்டு வருவார்கள். துணி மட்க மட்க நோயும் போய்விடும் என்பது நம்பிக்கை. அடுத்தவர் கட்டிய துணியை அவிழ்த்தால் அவர் நோய் உங்களுக்கு வரும். இதன் தர்க்கம் முழுக்க மட்கிப் போவதில்தான் இருக்கிறது. இப்போது சுற்றுலா வருகிறவர்கள் பாலியெஸ்டர் ரிப்பன், பிளாஸ்டிக் பட்டை, முகக்கவசம்கூடக் கட்டிவிட்டுப் போகிறார்கள். அது எந்தக் காலத்திலும் மட்காது. பழைய கணக்குப்படி பார்த்தால் அவங்க நோய் அவங்களை விட்டுப் போகவே போகாது. மரத்துக்கும் கழுத்து இறுகுது.

டொனகால் கவுன்ட்டியில் கிளென்கோலம்கில் என்று ஒரு பள்ளத்தாக்கு. புனிதர் கொலம்பாவின் பெயரில் இருக்கும் ஊர். அவர் திருநாளான ஜூன் 9 அன்று அங்கே ஒரு டுரஸ் நடக்கிறது. மொத்தம் 15 நிலைகள், சுமார் 5 கிலோமீட்டர், வயல், சேறு, மலைச்சரிவு என்று. அதில் ஒரு நிலை கொலம்பாவின் கிணறு. அங்கே போகிற ஒவ்வொருவரும் மூன்று கற்களைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே ஏற வேண்டும். ஏறிப் போட்டுவிட்டு வர வேண்டும். பல நூறு வருடங்களாக ஆளுக்கு மூன்று கல். இன்றைக்கு அந்தக் கிணற்றைச் சுற்றி ஒரு பெரிய கற்குவியலே நிற்கிறது. வருகைப் பதிவேடு என்று வைத்துக்கொள்ளலாம். என்ன, பெயர் இருக்காது.

ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு ஸ்பெஷாலிட்டி உண்டு. ஒன்று பல்வலிக்கு, ஒன்று மருவுக்கு, ஒன்று முதுகுவலிக்கு. ஆனால் நாடு முழுக்க அதிகமாகக் கேள்விப்படுவது கண் கிணறு. 'டோபர் ந சூல்' என்றாலே கண்களின் கிணறு. ஏன் இவ்வளவு கண் நோய்? பழைய ஐரிஷ் குடிசையை நினைத்துப் பாருங்கள். நடுவில் கரிநிலக் கட்டியை எரிக்கும் அடுப்பு, சரியான புகைபோக்கி இல்லை, எல்லோரும் ஒரே அறையில். 1840-களின் பெரும் பஞ்சத்தில் ஏழைகளை அடைத்து வைத்த வொர்க்ஹவுஸ்களில் கண் அழற்சி கொத்துக் கொத்தாகப் பரவியது. அதைப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதிய கண் மருத்துவர் வில்லியம் வைல்ட். எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டின் அப்பா. டப்ளினில் கண் மருத்துவமனை தொடங்கியவர். இதே மனிதர்தான் நாட்டார் நம்பிக்கைகளையும் சேகரித்து 1852-இல் ஒரு புத்தகம் போட்டார்.

அவர் கவலை இதுதான்: பஞ்சத்தில் மக்கள் சாகும்போது கதைகளும் சாகின்றன. 1845-இலிருந்து 1852 வரை சுமார் 10 லட்சம் பேர் பட்டினியிலும் நோயிலும் இறந்தார்கள். இன்னொரு 10 லட்சத்துக்கும் மேல் கப்பல் ஏறினார்கள். அதிகம் அடிபட்டது மேற்குப் பகுதியின் ஏழைகள், ஐரிஷ் பேசியவர்கள். அதாவது எந்தக் கிணற்றை எத்தனை முறை சுற்றணும், எந்த நாளில் போகணும் என்று தெரிந்தவர்கள். ஒரு ஊரில் அதைத் தெரிந்த கடைசிப் பாட்டி போய்விட்டால், அங்கே மிஞ்சுவது ஒரு ஈரமான பள்ளம்.

பஞ்சம் மட்டும் இல்லை. இந்தக் கிணறுகளை மூடப் பார்த்தவர்கள் பட்டியல் நீளம். 1704-இல் வந்த ஒரு சட்டம், கத்தோலிக்கம் வளர்வதைத் தடுக்க. அதில் கிணறுகளுக்குக் கூட்டமாகப் போவதற்குத் தடை. போனால் 10 ஷில்லிங் அபராதம். கட்ட முடியாதவனுக்கு ஊர் முன்னால் சவுக்கடி. அங்கே கடை போட்டு பீரோ தின்பண்டமோ விற்றால் 20 ஷில்லிங். கடைக்காரனுக்கு இரண்டு மடங்கு என்பதைக் கவனிச்சீங்களா? சட்டம் போட்டவனுக்குத் தெரிந்திருக்கிறது, கூட்டத்தைக் கூட்டுவது ஜெபம் மட்டும் இல்லை என்று.

ஏனென்றால் ஒவ்வொரு கிணற்றுக்கும் வருடத்தில் ஒரு திருவிழா நாள். அதற்குப் பெயர் 'பேட்டர்ன்'. ஊரின் பாதுகாவலர் புனிதர், 'பேட்ரன்', அவருடைய நாள் என்பதுதான் வாயில் வளைந்து பேட்டர்ன் ஆனது. காலையில் முட்டி தேயச் சுற்று. சாயங்காலம் பைப் இசை, நடனம், பொட்டீன் என்கிற நாட்டுச் சாராயம், கல்யாணப் பேச்சு. ராத்திரி இரண்டு கோஷ்டிகள் தடியால் அடித்துக்கொள்வது. அடிதடி இல்லாவிட்டால் பேட்டர்ன் சப்பென்று இருந்தது என்பார்களாம்.

இது கத்தோலிக்கத் திருச்சபைக்கும் பிடிக்கவில்லை. இந்தப் பகுதி நிறைய பேருக்குத் தெரியாது. அரசாங்கச் சட்டம் வருவதற்கு முன்பே, 1660-இல், டூவம் நகரில் கூடிய ஆயர்கள் கிணறுகளில் நடனமும் குழலிசையும் கும்மாளமும் கூடாது என்று தடை போட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில், தடைச் சட்டங்களெல்லாம் தளர்ந்து திருச்சபைக்குப் பலம் வந்த பிறகு, பங்குச் சாமியார்களே பல பேட்டர்ன்களை நிறுத்தினார்கள். ஜெபம் வேண்டுமானால் கோவிலுக்குள் வா என்றார்கள். எதிரி அரசு ஒரு பக்கம், சொந்த மதம் ஒரு பக்கம். இரண்டு பேருக்கும் ஒரே பிரச்சினை: இந்தக் கிணற்றுக்குப் பூசாரி தேவையில்லை. யாரும் எப்போதும் போகலாம், தன் காலாலேயே சுற்றலாம், தன் வாயாலேயே கேட்கலாம்.

இப்போது புனிதர்களிடம் வருவோம். அயர்லாந்துக்குப் 'புனிதர்களின் தீவு' என்று பெயர். ஆயிரக்கணக்கில் புனிதர்கள். ஆனால் ரோமில் விசாரணை நடத்தி, போப் கையெழுத்துப் போட்டு, முறைப்படி புனிதரானவர்கள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிடலாம். முதலாமவர் மலாக்கி, 1190-இல். ஆலிவர் பிளங்கெட் ஆனது 1975-இல். பாட்ரிக்குக்கும் பிரிஜிட்டுக்கும்கூட அந்தச் சான்றிதழ் கிடையாது, அவர்கள் அந்த நடைமுறைக்கு முந்தியவர்கள். மற்றவர்கள் எல்லாம் ஊர் புனிதர் என்றது, அதனால் புனிதர். ஒரு மலை தாண்டினால் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது.

எனக்கு இவர்களில் ரொம்பப் பிடித்தவர் கோப்னெட். கார்க் கவுன்ட்டியில் பாலிவோர்னி என்ற ஊர். கதைப்படி, ஒரு தேவதூதன் இவரிடம் 'ஒன்பது வெள்ளை மான்கள் மேய்கிற இடத்தைப் பார்க்கும்வரை நிற்காதே' என்கிறான். நடக்கிறார். ஓரிடத்தில் மூன்று மான். போதாது. இன்னோரிடத்தில் ஆறு. போதாது. பாலிவோர்னியில் ஒன்பது. அங்கேயே மடம் கட்டி உட்கார்ந்துவிடுகிறார். தேனீ வளர்க்கிறார், தேனை வைத்து மருந்து செய்கிறார். ஒருநாள் கொள்ளைக்காரர்கள் ஊர் மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். கோப்னெட் தேன்கூட்டைத் திறந்துவிடுகிறார். மாடு திரும்பி வந்துடுது.

திருநாள் பிப்ரவரி 11. கோப்னெட்டின் இடைக்காலத்து மரச்சிற்பம் ஒன்று இருக்கு, ஓக் மரத்தில் செய்தது, காலத்தால் தேய்ந்து முகமே மங்கிப்போனது. அன்றைக்கு அதைக் கோவிலில் வெளியே எடுத்து வைப்பார்கள். மக்கள் வீட்டிலிருந்து ரிப்பன் கொண்டுவந்து, சிற்பத்தின் நீளத்துக்கு ஒரு அளவு, சுற்றளவுக்கு ஒரு அளவு பிடித்து எடுத்துக்கொள்வார்கள். 'கோப்னெட்டின் அளவு' என்று அதற்குப் பெயர். வருடம் முழுக்க வீட்டில் இருக்கும். யாருக்காவது தொண்டை வலி, தலைவலி என்றால் அதைச் சுற்றிக்கொள்வார்கள். தையல்காரர் அளவெடுக்கிற மாதிரி ஒரு புனிதரை அளவெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். சொந்தம் கொண்டாடுவதற்கு இதைவிட நேரடியான வழி எனக்குத் தோன்றவில்லை.

இந்த இடத்தில் கமென்ட்டில் ஒருத்தர் கண்டிப்பாகச் சொல்லுவீங்க: 'இதெல்லாம் கிறிஸ்தவத்துக்கு முந்திய கெல்டிக் தெய்வங்கள்தானே, சர்ச் வந்து பெயரை மட்டும் மாத்திடுச்சு.' ரீல்ஸில் இது ரொம்ப ஓடுது. பாதி உண்மை. 7-ஆம் நூற்றாண்டில் டிரெகான் என்கிற ஆயர் பாட்ரிக்கைப் பற்றி எழுதியதில் ஸ்லான் என்ற கிணறு வருகிறது. ஸ்லான் என்றால் நலம், முழுமை. ட்ரூயிட் குருமார்கள் அதைக் கடவுள் மாதிரி வணங்கிக் காணிக்கை போட்டார்கள், தண்ணீர்களின் அரசன் என்றார்கள். வாயில் ஒரு சதுரக் கல். தீக்குப் பயந்த ஒரு ஞானியின் எலும்புகள் அந்தக் கல்லுக்கடியில் தண்ணீரில் இருப்பதாக நம்பிக்கை. பாட்ரிக் கல்லைத் தூக்கிப் பார்க்கிறார். உள்ளே தண்ணீர்தான் இருக்கிறது.

அப்போ கிறிஸ்தவத்துக்கு முன்பே சில கிணறுகளுக்கு வழிபாடு இருந்தது நிச்சயம். ஆனால் அதை வைத்து 3,000 கிணற்றுக்கும் ஐயாயிரம் வருட வயது எழுதிக் கொடுத்துவிட முடியாது. பெரும்பாலான கிணறுகளில் அகழாய்வே நடக்கவில்லை. ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர் வேண்டும், மடத்துக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும், அதனால் ஊற்றுப் பக்கத்தில் கோவில் கட்டினார்கள் என்பதும் சாதாரணமான காரணம்தான். பிரிஜிட் விஷயத்தில் சிக்கல் இன்னும் சுவாரசியம். சுமார் 900-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு ஐரிஷ் சொல்லகராதி, பிரிஜிட் கவிஞர்கள் வணங்கிய பெண் தெய்வம் என்கிறது. அதற்கு முன்பே, 7-ஆம் நூற்றாண்டில், கில்டேர் மடத்தைத் தொடங்கிய பிரிஜிட்டின் வாழ்க்கையைத் துறவி ஒருவர் எழுதிவிட்டார். தெய்வமா, மனுஷியா, இரண்டும் கலந்ததா? ஆராய்ச்சியாளர்கள் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கிணற்றுக்கு வருகிறவர்கள் இந்தச் சண்டைக்காகக் காத்திருக்கவில்லை.

பிரிஜிட்டைப் பற்றிய கதைகளில் எனக்கு எப்போதும் சிரிப்பு வரவைப்பது மேலங்கிக் கதை. மடம் கட்ட லென்ஸ்டர் ராஜாவிடம் நிலம் கேட்கிறார். ராஜா கொடுக்க மாட்டேன் என்கிறார். 'சரி, என் மேலங்கி எவ்வளவு மூடுமோ அவ்வளவு கொடுங்கள்.' ராஜா சரி என்கிறார். அங்கியை விரித்தால் அது விரிந்துகொண்டே போகிறது, கர்ரா சமவெளி முழுக்க. மறுபடியும் பாருங்க, நிலம்.

இப்போது 1937-க்கு வருவோம். அயர்லாந்து சுதந்திரம் அடைந்து 15 வருடம். நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒரு வேலை செய்தது. நாட்டின் 26 கவுன்ட்டிகளிலும் இருந்த ஆரம்பப் பள்ளிகளுக்குத் தலைப்புகளைக் கொடுத்து, பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டுக்குப் போய்த் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னது. அதில் ஒரு தலைப்பு புனிதக் கிணறுகள். 1939 வரை நடந்தது. சுமார் 5,000 பள்ளிகள், 7 லட்சத்து 40 ஆயிரம் பக்கங்கள். இப்போது 'டூகஸ்' என்கிற இணையதளத்தில் ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்கிறார்கள். நான் ராத்திரி பத்து நிமிஷம் பார்க்கலாம் என்று திறந்து இரண்டு மணி வரை உட்கார்ந்திருக்கிறேன். ரூல்டு நோட்டு, மசிப் பேனா, பதினோரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் குண்டு குண்டான கையெழுத்து. இன்னார் வயலில் ஒரு கிணறு, இந்தப் புனிதர் பெயரில், இந்த வியாதிக்கு நல்லது, இவ்வளவு சுற்று என்று. அந்தத் தாத்தா பாட்டிகள் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர்களின் பிள்ளைகள். வைல்ட் 'போச்சு' என்று நினைத்ததில் ஒரு பகுதி இந்த நோட்டுகளில் இருக்கிறது.

அதில் அடிக்கடி வருகிற கதைகள் இரண்டு. ஒன்று: தெரியாமல் யாரோ கிணற்றுத் தண்ணீரைச் சமையலுக்கு எடுத்துப்போவார்கள், எவ்வளவு விறகு போட்டாலும் அது கொதிக்காது. இன்னொன்று: ஒரு பெண் அழுக்குத் துணியைக் கிணற்றில் துவைக்கிறாள். மறுநாள் காலை கிணறு வறண்டு கிடக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மரத்தடியில் புதிதாக ஊற்று. கிணறு கோவித்துக்கொண்டு எழுந்து போய்விட்டது! மேற்கு அயர்லாந்தின் பல பகுதிகளில் சுண்ணாம்புப் பாறை, அடியில் தண்ணீர் வழி மாறும், ஊற்று ஓரிடத்தில் வற்றி இன்னோரிடத்தில் வெடிக்கும். அது நிலவியல். ஆனால் எல்லோரும் குடிக்கிற தண்ணீரில் துணி துவைக்காதே என்று ஊருக்குச் சொல்ல நிலவியல் போதாது, கோபக்காரக் கிணறு வேண்டும்.

விஞ்ஞானம் என்றதும் ஒன்று. கெர்ரி கவுன்ட்டியில் பித்தர்களின் பள்ளத்தாக்கு என்று ஓர் இடம். மனம் பிறழ்ந்தவர்கள் கால்போன போக்கில் கடைசியில் அங்கே வந்து சேர்வார்கள், அங்கே இருக்கிற கிணற்றுத் தண்ணீரைக் குடித்து, ஓரத்தில் வளரும் நீர்க்கீரையைச் சாப்பிட்டுக் குணமாவார்கள் என்பது பழைய நம்பிக்கை. அந்தத் தண்ணீரில் லித்தியம் இருப்பதாகச் சில வருடங்களுக்கு முன் செய்திகள் வந்தன. லித்தியம் இன்றைக்கும் மனநல சிகிச்சையில் பயன்படுகிற மருந்து. உடனே 'அப்பவே தெரிஞ்சிருக்கு பாத்தீங்களா' என்று ஃபார்வர்ட். பொறுங்கள். ஊற்று நீரில் இருக்கும் அளவு, மாத்திரையில் இருக்கும் அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. எனக்கு அங்கே முக்கியமாகப் படுவது வேறு: மனம் பிறழ்ந்தவர்கள் போய்ச் சேர ஓர் இடம் இருக்கிறது, அங்கே போனால் சரியாகும் என்று ஒரு சமூகம் வரைபடத்தில் குறித்து வைத்திருந்தது.

போன வருடம் கிளேர் கவுன்ட்டியில் லிஸ்கேனர் போயிருந்தேன். பிரிஜிட்டின் கிணறு அங்கே ஒன்று இருக்கு. மோஹர் பாறைகளைப் பார்க்கப் பஸ் பஸ்ஸாகப் போகிற கூட்டம் அதைத் தாண்டித்தான் போகும், அதிகம் பேர் நிற்பதில்லை. ஒரு காலத்தில் ஜூலைக் கடைசி வாரம் ஆரன் தீவுகளிலிருந்து மக்கள் படகில் வந்து ராத்திரி முழுக்க இங்கே விழித்திருப்பார்கள். உள்ளே ஒரு குறுகலான கல் நடை. இரண்டு பக்கச் சுவரிலும் இடைவெளியே இல்லாமல் போட்டோக்கள், ஜெபமாலைகள், கையால் எழுதின கடிதங்கள். இறந்தவர்களின் நினைவு அட்டைகள், பிறந்த தேதி, இறந்த தேதியோடு. பல பேர் என் வயது. முடிவில் தண்ணீர் விழுகிற சத்தம். ஈரத்தில் போட்டோக்கள் உப்பி, முகங்கள் கரைந்து போயிருந்தன. முதலில் எனக்கு அது சங்கடமாக இருந்தது. அப்புறம்தான் மரத்தில் கட்டின துணி ஞாபகத்துக்கு வந்தது. இங்கே எதையும் லேமினேட் பண்ணி வைக்க யாரும் வரவில்லை.

அந்த நாட்டில் திருச்சபையின் மேல் இருந்த நம்பிக்கை எப்படிச் சரிந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். திருச்சபை நடத்திய விடுதிகளில் குழந்தைகளுக்கு நடந்த கொடுமைகளைப் பற்றி 2009-இல் வந்த ரையன் அறிக்கை நாட்டையே உலுக்கியது. கணக்கெடுப்பில் தன்னைக் கத்தோலிக்கர் என்று சொன்னவர்கள் 2016-இல் 79 சதவீதம், 2022-இல் 69. ஆனால் கோவிலுக்குப் போவதை நிறுத்தினவர்களில் சிலர் கிணற்றுக்குப் போவதை நிறுத்தவில்லை. யோசித்தால் ஆச்சரியம் இல்லை. அங்கே போக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, அன்றைக்கும் இன்றைக்கும். 2023-இலிருந்து பிரிஜிட்டின் நாளை ஒட்டிப் பிப்ரவரியில் அரசு விடுமுறை. அந்த நாட்டில் ஒரு பெண்ணின் பெயரில் வந்த முதல் பொது விடுமுறை. அன்றைக்குத் தெய்வம் என்று சொல்கிறவர்களும் புனிதர் என்று சொல்கிறவர்களும் ஒரே கிணற்றில் நிற்கிறார்கள். கொஞ்சம் உரசல் இருக்கத்தான் செய்கிறது.

உங்களில் யாராவது அங்கே படிக்கவோ வேலைக்கோ போயிருந்தால் இரண்டு விஷயம். பல கிணறுகள் தனியார் வயலுக்குள் இருக்கு. வேலிக் கதவு திறந்திருந்தால் திறந்தபடி விடுங்கள், மூடியிருந்தால் மூடிவிட்டு வாருங்கள், மாடு இருக்கும். தண்ணீரைக் குடிக்காதீங்க. புனிதம் வேறு, மேலே இருக்கிற வயலில் போட்ட சாணி உரம் வேறு. துணி கட்டியே ஆகணும் என்றால் பருத்தி.

இங்கேயே இருக்கிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கு. அந்த 1937 நோட்டுகளில் இருக்கும் கையெழுத்தைப் படித்து டைப் பண்ணித் தர 'மெஹல் டூகஸ்' என்று ஒரு தன்னார்வத் திட்டம். மெஹல் என்றால் அறுவடைக்கு ஊரே சேர்ந்து வயலில் இறங்குவது. ஆங்கிலத்தில் எழுதின பக்கங்களும் ஏராளம், உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் செய்யலாம். நான் இதுவரை பதினான்கு பக்கம் முடித்திருக்கிறேன். கடைசியாகச் செய்தது ஒரு மருக் கிணறு. சுற்றும் எண்ணிக்கை எழுதின இடத்தில் மசி கொட்டியிருக்கிறது, மூன்றா ஐந்தா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. யாருக்காவது கண் கூர்மையாக இருந்தால் எழுதுங்கள், லிங்க் அனுப்புகிறேன்.